ஒரே சாலையில் இரண்டு கல்லூரிகள்

என் தங்கை மகளுக்கு இரண்டு கல்லூரிகளிலிருந்து கலந்தாய்வு அழைப்பு வந்தது. ஒன்று மாநிலக் கல்லூரி, இன்னொன்று ராணி மேரி கல்லூரி. இரண்டிலும் பி.ஏ. வரலாறு. இரண்டும் அரசுக் கல்லூரி, இரண்டும் காமராசர் சாலை, எதிரே அதே கடல். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஐஸ் ஹவுஸைத் தாண்டி அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். பறக்கும் ரயிலில் போனால் ஒன்றுக்குச் சேப்பாக்கத்தில் இறங்க வேண்டும், மற்றதற்கு இரண்டு நிறுத்தம் தள்ளிக் கலங்கரை விளக்கத்தில்.

"எதுல சேர்றது பெரியம்மா?" என்று போனில் கேட்டாள். இந்தக் கேள்வியை என்னிடம் பல பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் நான் சொல்வது ஒன்றுதான்: கிடைத்ததில் சேர். எங்கள் வீடுகளில் தேர்வு செய்கிற அளவுக்கு இரண்டு இடம் கிடைப்பதே அபூர்வம். கிடைத்த பிறகு எப்படித் தேர்வு செய்வது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

பழம்பெருமையை வைத்துத் தேர்வு செய்ய முடியாது. மாநிலக் கல்லூரி 1840-ல் தொடங்கியது. ராணி மேரி 1914-ல், பெண்களுக்கென்றே தொடங்கியது. அதை 2003-ல் இடித்துவிட்டுத் தலைமைச் செயலகம் கட்டப் பார்த்தபோது மாணவிகள் உள்ளேயே உட்கார்ந்து போராடித் தடுத்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1840-லும் 1914-லும் எங்கள் பாட்டன் பாட்டி யாரும் அந்த வாசல்களில் நிற்கவில்லை. பணமும் பிரச்சினையில்லை. எஸ்.சி. பிள்ளைகளுக்கு விண்ணப்பத்துக்கு 2 ரூபாய்தான் செலவு. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் உதவித்தொகை எங்கே சேர்ந்தாலும் வரும். வீட்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள்தான், ஆகவே போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் உண்டு.

என் தங்கைக்குக் குழப்பமே இல்லை. "லேடீஸ் காலேஜ்ல போட்டுடுக்கா" என்றாள். அவள் இருப்பது திண்டிவனம் பக்கம், ஊருக்கு வெளியே உள்ள காலனியில். பெண்கள் கல்லூரி என்றால் பாதுகாப்பு என்று எல்லா அம்மாக்களும் சொல்வதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். அவள் பயம் வேறு. தன் மகளை ஒரு பையன் ஏமாற்றிவிடுவான் என்று அவள் பயப்படவில்லை. மகளும் ஒரு சாதி இந்துப் பையனும் ஒருவரையொருவர் விரும்பிவிட்டால் என்ன ஆகும் என்று பயப்படுகிறாள். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகள் எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவள் அவள். அங்கே பையன் நம்மவன், பெண் வேறு சாதி. இங்கே மாறி இருந்தாலும் அடி விழப்போவது காலனி மேல்தான் என்பது அவள் கணக்கு. தப்பான கணக்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்காக ஒரு பிள்ளையின் மூன்று வருடத்தை முடிவு செய்வதையும் ஏற்க முடியாது. கொலை செய்கிறவனுக்குச் சட்டம் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம், அதற்குள் நம் பெண்களே ஒதுங்கிப் போக வேண்டுமா? அவளோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். கடைசியில், "அவளே முடிவு பண்ணட்டும், ஆனா என்னைக் கேக்காம போனை வைக்காதே" என்றாள்.

நான் பிள்ளையிடம் சொன்னது இதுதான். கட்டடத்தைப் பார்க்காதே. வாசலில் நிற்கும் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் போய்க் கேள். உதவித்தொகை விவகாரத்தை எப்படி அறிவிக்கிறார்கள்? வகுப்பில் எழுப்பி நிறுத்துகிறார்களா, தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறார்களா? பணம் வரத் தாமதமானால் தேர்வுக்கு உட்கார விடுகிறார்களா?

இது ஏன் முக்கியம் என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரியும். நான் படித்த கல்லூரியில், பெயர் வேண்டாம், ஒரு ஆசிரியர் பதிவேட்டைத் திறந்து "எஸ்.சி. எல்லாம் எழுந்திரு" என்பார். எழுந்தவர்கள் ஏழு பேர். அதுவரை என் டப்பாவில் சாப்பிட்ட தோழி அடுத்த நாளிலிருந்து தனியாக உட்கார்ந்தாள். இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்த காலத்தை எழுதியிருக்கிறார். தான் யாரென்று மற்ற மாணவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில், மணி அடிக்கும் வரை வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துவிட்டுப் பிறகே வகுப்புக்குள் போவாராம். அவர் ஒளிந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். என்னை எழுப்பி நிறுத்தியது 1990-களில்.

விடுதியையும் கேட்கச் சொன்னேன். ஆதிதிராவிடர் நல விடுதியில் கல்லூரிப் பிள்ளைக்கு மாத உணவுப்படி 1,500 ரூபாய். ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய், மூன்று வேளைக்கு. 2025 ஜூலையில் இந்த விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்தார்கள். நல்ல பெயர்தான். ஓர் அறைக்கு எத்தனை பேர், கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்பதை மட்டும் தெரிந்துகொண்டால் எனக்குப் போதும்.

அவள் இரண்டு இடத்துக்கும் போய்வந்தாள். இரண்டு இடத்திலும் பிள்ளைகள் நன்றாகத்தான் பேசினார்களாம். நான் எதிர்பார்த்த வித்தியாசம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் நான் கேட்கச் சொல்லாத ஒன்றை அவள் கவனித்திருந்தாள்.

மதிப்பெண் ஒன்றுதான் என்றாலும், விண்ணப்பித்தவர்கள் வேறு என்பதால் தரவரிசை இரண்டு கல்லூரியிலும் வேறு வேறு. மாநிலக் கல்லூரியில் அவளுக்கு எஸ்.சி. ஒதுக்கீட்டில்தான் இடம் வரும். ராணி மேரியில் அவள் எண் பொதுப்பிரிவுக்குள்ளேயே வந்திருந்தது. "அப்ப நான் ஓ.சி.ல போகலாம்ல பெரியம்மா?"

போகலாம். 31 விழுக்காடு பொதுப்பிரிவு யாருக்கும் எழுதிக் கொடுக்கப்பட்டதல்ல. ஆனாலும் அதை முன்னேறிய சாதிகளின் ஒதுக்கீடு என்று நம் ஆட்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேறொரு மாவட்டக் கல்லூரியில், பொதுப்பிரிவுக்குள் வந்த பையனை "நீ எஸ்.சி.தானே, உனக்கு வேற நாள்" என்று திருப்பி அனுப்பியதை நானே போய்ப் பேசிச் சரிசெய்திருக்கிறேன். பொதுப்பிரிவில் சேர்ந்தால் உதவித்தொகை போய்விடும் என்று ஒரு புரளி வேறு. போகாது. உதவித்தொகை சாதிச் சான்றிதழுக்கும் வருமானத்துக்கும்தான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. "ஒதுக்கீட்டுல போனா கேவலம்னு நெனச்சு ஓ.சி. கேக்குறியா?" என்றேன்.

"இல்ல பெரியம்மா. நான் ஓ.சி.ல போனா அந்த எஸ்.சி. சீட்டு இன்னொருத்திக்கு வரும்ல."

அதற்கு மேல் நான் பேசவில்லை. அம்மாவிடம் அவளே சொல்லிக்கொண்டாள். லேடீஸ் காலேஜ் என்பதோடு தங்கை சந்தோஷப்பட்டுவிட்டாள், காரணத்தைக் கேட்கவில்லை.

கலந்தாய்வு அன்று மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் மூன்று நகல் எடுத்து, மூலச் சான்றிதழ்களைக் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கச் சொல்லியிருந்தேன். வாங்கிவிட்டாள். வெளியே வந்ததும் வாசலில் நின்றபடி போனில் தரவரிசைப் பட்டியலைத் திறந்து, எஸ்.சி. பிரிவில் கடைசியாக இடம் கிடைக்கப்போகும் எண்ணுக்கு அடுத்த எண் யாருடையது என்று தேடினாள். ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. எந்த ஊர் என்று அதில் போடவில்லை.