பல்லை எண்ணிப் பாருங்கள்



நெம்புகோல் பாடம் நினைவிருக்கிறதா? தூரத்தை விட்டுக்கொடுத்தால் விசை கூடும். போன வாரம் பிளவக்கல் தோப்பில் அந்தப் பாடம் கைகொடுத்தது.

பேரனின் கோ-கார்ட் கரைமேட்டில் ஏறாமல் திணறியது. கிளட்ச் வழுக்கிக் கருகிய வாடை. "பெரிய இன்ஜின் மாட்டிரலாம்ப்பா" என்றான் மகன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த வேகம் வேண்டாம் என்றேன்.

இன்ஜின் பக்கம் 10 பல், பின் அச்சில் 40 பல் இருந்தது. பின்னால் 50 பல் சக்கரம் போட்டு, சங்கிலியை நீட்டி, அரை அங்குலம் தொய்வு விட்டோம். இழுவை கால் பங்கு கூடியது. உச்ச வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. மேட்டில் இன்ஜின் சுற்று விழாததால் கிளட்சும் வழுக்கவில்லை. டயரில் காற்றைச் சற்றுக் குறைத்ததும் புழுதியில் பிடிப்பு வந்தது. தேய்ந்த பிரேக்கை மாற்றிய பிறகே வண்டியைப் பேரன் கையில் கொடுத்தேன்.

மேடு ஏறிவிட்டான். "தாத்தா, சமதரையில வேகம் கொறஞ்சிருச்சே!" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பல்லை எண்ணச் சொன்னேன். எண்ணிப் பார்த்து, வகுத்து, ஏனென்று அவனே சொன்னான்.

கோவை கரிவர்தன், மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினை வைத்தே பந்தயக் கார் செய்தவர். செட்டிபாளையம் பந்தயத்தளம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. இருப்பதை ஒழுங்காகப் பயன்படுத்தினாலே பாதி வேலை முடியும்.

உங்கள் பிள்ளைகளின் வண்டியிலும் முதலில் பிரேக்கைப் பாருங்கள். பிறகு பல்லை எண்ணுங்கள். பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள்.