பிரட்டுக் களமும் ஒலிம்பிக் அணிவகுப்பும்

ஒலிம்பிக் தொடக்க விழாவைத் தொலைக்காட்சியில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதலில் கிரேக்க நாட்டுக் கொடி வரும். விழாவை நடத்தும் நாடு கடைசியில் வரும். இடையில் மற்ற நாடுகள் பெரும்பாலும் அகரவரிசையில் நடந்து வரும். ஒரு பெயர்ப் பலகை, ஒரு கொடி, பின்னால் சிரித்த முகங்கள். ஒலிபெருக்கியில் தம் நாட்டின் பெயர் சொல்லப்படும்போது எவருக்குத்தான் உள்ளம் சிலிர்க்காது?

இன்னோர் அணிவகுப்பும் இருக்கிறது. அதைக் காண இலங்கையின் மலையகத்துக்குப் போக வேண்டும். வாருங்கள், போய்ப் பார்ப்போம்.

கொழும்புக் கோட்டை நிலையத்தில் பதுளை ரயிலில் ஏறுங்கள். நாவலப்பிட்டியைத் தாண்டியதும் வண்டி மூச்சு வாங்க மலையேறும். வட்டவளை வந்ததும் சால்வையைத் தேடுவீர்கள். அடுத்து ஹட்டன். தமிழும் சிங்களமும் கலந்து ஒலிக்கும் கடைத்தெரு அது. பாங்கோசையும் அங்கே கேட்கும். பிறகு சிங்கமலைச் சுரங்கம், கொட்டகலை, செயின்ட் கிளேயர் அருவி, தலவாக்கலை, நானுஓயா. அங்கே இறங்கி பஸ் ஏறினால், ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில் நுவரெலியா. வழியெங்கும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தேயிலை!

அந்த அழகில் மயங்கிவிடாமல் சற்றே கீழே பாருங்கள். ஒரே நீளக் கூரை. அதன் கீழே வரிசையாக அறைகள். அவைதாம் 'லயங்கள்'. ஒவ்வோர் அறையும் ஒரு குடும்பத்தின் 'காம்பரா'.

விடியற்காலையில் இங்குள்ளவர்கள் திரளும் இடம் 'பிரட்டுக் களம்'. 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்தான் தோட்டத்துத் தமிழில் 'பிரட்டு' ஆயிற்று. ஆம், அணிவகுப்பேதான்! முன்னாளில் தப்படித்து எழுப்புவார்கள். வரிசையில் நின்றால் இன்று எந்த மலையில் கொழுந்து, யாருக்குக் கவ்வாத்து என்று வேலை பிரித்துக் கொடுப்பார்கள். ஒரு நாள் வேலை கணக்கில் பதிவானால் அதற்குப் 'பேர்' என்றே பெயர். எடை குறைந்தால் 'அரைப் பேர்'. பேர் விழுந்தால்தான் அடுப்பெரியும்.

இப்போது 1948ஆம் ஆண்டுக்குப் போவோம். பிப்ரவரி 4 அன்று இலங்கை சுதந்திரம் பெற்றது. ஜூலை 29 அன்று லண்டன் வெம்பிளி அரங்கில் ஒலிம்பிக் தொடங்கியது. 59 நாடுகளின் வரிசையில் 'சிலோன்' என்ற பெயரும் முதன்முறையாக ஒலித்தது. இரண்டே நாளில் டங்கன் வைட் 400 மீட்டர் தடையோட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். நாடே கொண்டாடியது.

அதே ஆண்டில்தான் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் வந்தது. ஒருவர் அந்த மண்ணிலேயே பிறந்திருந்தாலும் போதாது. தந்தையோ, இல்லையேல் பாட்டனாரும் பூட்டனாரும் அங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். லயத்தில் பிறந்தவரிடம் பாட்டனாரின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? ஏறக்குறைய 7 லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். 1949இல் வாக்குரிமையும் பறிபோனது. 1947 தேர்தலில் நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை உட்பட இலங்கை இந்தியன் காங்கிரஸின் 7 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் இவர்கள்! 1951இல் தேசியக் கொடியில் முஸ்லிம்களுக்காகப் பச்சைக் கோடும் தமிழர்களுக்காகக் காவிக் கோடும் சேர்ந்தன. கொடியில் கோடு கிடைத்தது. தோட்டத்துத் தமிழருக்கு நாட்டில் பேர் கிடைக்கவில்லை.

அடுத்து 1964. அக்டோபர் 10 அன்று டோக்கியோ ஒலிம்பிக் அணிவகுப்பிலும் சிலோன் நடந்தது. அங்கே 10,000 மீட்டர் ஓட்டத்தில் எல்லோரும் முடித்த பிறகும் விடாமல் தனியே ஓடி முடித்த கருணானந்தாவை ஜப்பானியர் எழுந்து நின்று பாராட்டினர். போட்டிகள் முடிந்த ஆறாம் நாள், அக்டோபர் 30 அன்று, டெல்லியில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதிப் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று பங்கிட்டார்கள். யாரிடம் கேட்டுப் பங்கிட்டார்கள்?

மலையகத்தில் ரயிலைக் 'கோச்சி' என்பார்கள். தாயகம் திரும்பியவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற வண்டிக்கு 'அழுகைக் கோச்சி' என்றே பெயர் வந்தது. அக்காள் இங்கே, தங்கை அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. நீலகிரிக்குப் போனால், கோத்தகிரியிலும் கூடலூரிலும் அவர்களின் பிள்ளைகளை இன்றும் நீங்கள் சந்திக்கலாம்.

எஞ்சியவர்களுக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வழி திறந்தன. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்தவர்களும் அவர்களின் வாரிசுகளும் குடிமக்கள் ஆனார்கள். 1948இல் பறித்ததைத் திருப்பிக் கொடுத்து முடிக்க 55 ஆண்டுகள்!

இதற்கிடையே ஒன்று நடந்தது. 1996 பிப்ரவரி 11 அன்று கல்கத்தா ஈடன் தோட்டத்தில் உலகக் கோப்பை கிரிக்கெட்டின் தொடக்க விழா. 12 அணிகள் அறிமுகமாயின. கோப்பையை வென்றது இலங்கை. அந்த அணியில் இருந்தார் கண்டியைச் சேர்ந்த முத்தையா முரளிதரன். தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்தவரின் பேரன்.

2016இல் ரியோ ஒலிம்பிக்கில் நாடிழந்த 10 பேர், அகதிகள் அணி என்ற பெயரில் ஒலிம்பிக் கொடியின் பின்னே நடந்தார்கள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. நாடற்றவருக்கும் வரிசையில் ஓர் இடம் வேண்டும் என்று உலகம் அன்று ஒப்புக்கொண்டது. 1948இல் நம் மலையகத்துச் சகோதரிகளுக்கு அப்படி ஒரு கொடியும் இல்லை.

அடுத்த ஒலிம்பிக் விழாவில் இலங்கையின் பெயர்ப் பலகை வரும்போது வீட்டுப் பிள்ளைகளை அருகில் அழைத்துக் காட்டுங்கள். அந்நேரம் உங்கள் கையில் ஒரு கோப்பைத் தேநீர் இருக்கக்கூடும். விடியற்குளிரில் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, பிரட்டுக் களத்தில் பேருக்காகக் காத்து நிற்கும் அந்தத் தாயைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.