பொடி கலந்த பெயின்ட்

பெயின்டில் பொடி கலந்தால் வீடு குளிரும் என்று சொல்லிப் பல வீடுகளில் காசு வாங்கியிருக்கிறேன். கட்டடப் பொறியியல் படித்தவன் நான். மதுரையில் வீடு புதுப்பிக்கும் வேலை எடுத்துச் செய்கிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. கல்லூரியில் படித்த சின்னக் கணக்கு ஒன்றைப் போட்டிருந்தாலே உண்மை தெரிந்திருக்கும். போடவில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று எனக்குக் கமிஷன் வந்துகொண்டிருந்தது.

உள்ளே வெற்றாக இருக்கும் நுண்ணிய கண்ணாடி, பீங்கான் உருண்டைகள்தான் அந்தப் பொடி. தனியாகப் பார்த்தால் வெப்பத்தை எளிதில் கடத்தாத சரக்கு. விற்க வந்தவர் ஒரு தகரத்தில் அதைக் குவித்து, அடியில் தீயைக் காட்டி, குவியலின் மேல் விரலை வைக்கச் சொன்னார். சுடவில்லை. அதையே நானும் வீடு வீடாகச் செய்து காட்டினேன். குவியலின் கனம் வேறு, சுவரில் ஏறும் பூச்சின் கனம் வேறு என்று எந்த வீட்டிலும் சொன்னதில்லை.

இரண்டு கோட்டிங் அடித்துக் காய்ந்த பூச்சு 0.2 மில்லிமீட்டர் தேறினால் பெரிது. பொடிக்குச் சாதகமாகவே கணக்குப் போட்டாலும், ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் இன்னும் 3 மில்லிமீட்டர் செங்கல் கூட்டியதற்குத்தான் அது சமம். அமெரிக்காவில் பெயின்டின் வெப்பத்தடையை மிகைப்படுத்தி விற்றதாக 2020-இல் நான்கு நிறுவனங்கள் மீது அந்நாட்டு மத்திய வணிக ஆணையம் வழக்குப் போட்டது. அதைப் படித்த பிறகுதான் காகிதத்தை எடுத்தேன். விடை தெரிந்த பின்னும், கையிலிருந்த மூட்டைகள் தீரும்வரை விற்றேன்.

அப்படி விற்ற வீடுகளில் ஒன்று, ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மாவுடையது. மொட்டைமாடிக்குத் தட்டோடு பதிக்க அவர் சேர்த்து வைத்திருந்த பணத்தை, அறைகளின் உட்சுவருக்குப் பொடி பெயின்ட் அடிக்கச் செலவழிக்க வைத்தேன். சித்திரையில் போன் செய்தார். “தம்பி, ராத்திரியிலும் மேலேருந்து அனல் இறங்குதே, பெயின்ட் வேலை செய்யுதா?” “போகப்போகத் தெரியும்மா” என்றேன்.

மேல்தளத்து வீட்டில் வெக்கை பெரும்பாலும் கூரை வழியாகத்தான் இறங்கும். மொட்டைமாடியில் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் உண்மையிலேயே பலன் உண்டு. புதுப்பூச்சு விழும் வெயிலில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். அது வெண்மையின் வேலை, பொடிக்கு அதில் பங்கில்லை. தூசி படிந்தால் பலன் குறையும், கழுவிவிட வேண்டும். இன்னும் குளிர்ச்சி வேண்டுமென்றால் தளத்தின் மேல் 50 மில்லிமீட்டர் தெர்மாகோல் வகைப் பலகை வைத்து, மேலே கான்கிரீட் போட்டுத் தட்டோடு பதிக்கலாம். அந்த 50 மில்லிமீட்டர், ஒரு மீட்டருக்கு மேற்பட்ட செங்கல் கனத்துக்குச் சமம். இத்தனையும் எனக்குத் தெரியும். அந்த அம்மா கேட்டபோதும் தெரியும்.

பிறகு ஒருநாள், அவரிடம் வாங்கிய பணத்தை எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். “போன் பண்ணினப்பவே தெரியுமா தம்பி?” என்று கேட்டார். தெரியும் என்றேன். பணத்தை வாங்கிக்கொண்டார். தட்டோடு வேலையை வேறொருவரிடம் கொடுத்தார், அதுதான் நியாயம்.

பழைய பில் புத்தகத்தைப் பார்த்து மற்ற வீடுகளுக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். பொடிக்கென்று வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறேன். கொடுக்க வேண்டிய வீடுகள் இன்னும் இருக்கின்றன.