இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம்

பத்தாம் வகுப்பில் பென்சிலைக் கூராகச் சீவி, கிராப் ஷீட்டில் கோடு போட்டு மார்க் வாங்கியவர்கள் பலரும் பரீட்சை முடிந்ததும் அதை மறந்துவிடுகிறார்கள். சார்பு, அட்டவணை, வரைபடம் எல்லாம் கணக்கு வாத்தியாரோடு போயிற்று என்று நினைப்பு. ஆனால் வீட்டில் கடன் பேச்சு வரும்போது அது மறுபடி தேவைப்படும்.

ஒரு குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி கேட்கிறார். அதாவது வருடத்துக்கு 12 சதவீதம், தனிவட்டி. இன்னொருவர் கேட்பது 10 சதவீதம்தான். ஆனால் கூட்டு வட்டி. இரண்டிலும் அசலையும் வட்டியையும் கடைசியில் மொத்தமாகக் கட்டினால் போதும்.

"பன்னிரண்டை விடப் பத்து குறைச்சல்தானேம்மா?" என்கிறார் அப்பா. பி.காம் படிக்கும் மகள் அட்டவணை போடுகிறாள். முதலில் தனிவட்டி, அடுத்தது கூட்டு வட்டி:

1 வருடம்: 1,12,000 – 1,10,000
2 வருடம்: 1,24,000 – 1,21,000
3 வருடம்: 1,36,000 – 1,33,100

அப்பா சொன்னது சரி. மூன்று வருடமும் பத்து சதவீதம்தான் மலிவு. பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். மகள் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதிப் பார்க்கிறாள்: 2,000, 3,000, அப்புறம் 2,900. கூடிக்கொண்டே வந்த இடைவெளி குறைய ஆரம்பித்துவிட்டது!

இப்போது கிராப் ஷீட். இரண்டும் ஒரு லட்சத்தில்தான் தொடங்குகின்றன. தனிவட்டியில் வருடாவருடம் அதே 12,000 கூடுகிறது, அதனால் நேர்கோடு. கூட்டு வட்டியில் ஒவ்வொரு வருடமும் தொகை 1.1 மடங்காகிறது, அதனால் கோடு கீழே ஒட்டிக் கிளம்பி, போகப் போக மேலே வளைகிறது. நாலரை வருடம் தாண்டியதும் இரண்டும் வெட்டிக்கொள்கின்றன. ஐந்தாம் வருடம் 1,60,000 – 1,61,051. பத்தாம் வருடம் 2,20,000 – 2,59,374. இருபதாம் வருடம் 3,40,000 – 6,72,750. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

எவ்வளவு என்பதை அட்டவணை பைசா சுத்தமாகச் சொல்லும். எந்தப் பக்கம் போகிறது என்பதை வரைபடம் பார்த்த உடனே காட்டிவிடும்.

வணிகக் கணக்கைக் கோடாக வரைவது புதிய விஷயமும் அல்ல. 1786-ல் லண்டனில் வில்லியம் பிளேஃபேர் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் இங்கிலாந்துக்கும் டென்மார்க், நார்வேக்கும் 1700 முதல் 1780 வரை நடந்த வியாபாரம் இரண்டு கோடுகளாக இருக்கிறது: ஒன்று ஏற்றுமதி, மற்றது இறக்குமதி. முதலில் பாதகமாக இருந்த வியாபாரம் எங்கே இங்கிலாந்துக்குச் சாதகமாகத் திரும்பியது என்பதைக் கோடுகள் வெட்டும் இடமே சொல்லிவிடும்.

"மூணு வருஷத்துல கட்டிடலாம்மா" என்கிறார் அப்பா. கடன் வாங்கும்போது எல்லோரும் சொல்வதுதான்.

"கட்டிட்டா பத்துதான் நல்லதுப்பா. அஞ்சு வருஷம் தாண்டிட்டா?" கோடுகள் வெட்டும் இடத்தில் விரலை வைக்கிறாள் மகள்.

அதற்குப் பதில் கிராப் ஷீட்டில் இல்லை. அப்பா எழுந்துபோய் வீட்டு வரவுசெலவு நோட்டை எடுத்து வருகிறார்.