எங்கள் தீவில் நாலு தமிழ்

தாம்பரம் மார்க்கெட்டில் நான் இரண்டு வாக்கியம் பேசினால் போதும், "கேரளாவா சார்?" என்று கேட்டுவிடுவார்கள். இல்லை, இலங்கை என்றால் அடுத்த சொல் தயாராக இருக்கும்: "ஓ, யாழ்ப்பாணமா!" நான் திருகோணமலைக்காரன். தொண்ணூறில் படகேறி வந்து, மண்டபம் முகாமில் கொஞ்சக் காலம் இருந்து, பிறகு சேலையூரில் வேர்பிடித்தவன். திருகோணமலை என்று விளக்கினால், "அதுவும் யாழ்ப்பாணம் பக்கந்தானே?" என்பார்கள். அவர்கள்மேல் கோபப்பட்டு என்ன செய்ய? அவர்களுக்கு இலங்கையைக் காட்டியது சினிமா. அந்தச் சினிமாவில் இலங்கைத் தமிழருக்கு ஒரே ஊர், ஒரே பேச்சு, ஒரே துக்கம்.

2000-இல் 'தெனாலி' வந்தது. கமல் உழைத்துப் பிடித்த பேச்சு அது. குறை சொல்ல மனம் வராது. ஆனால் போர் பார்த்துப் பயந்துபோன ஒருவன், வாய் திறந்தாலே தியேட்டர் சிரித்தது. பயத்துக்குச் சிரித்தார்களா, பேச்சுக்குச் சிரித்தார்களா என்று பிரித்தறிய முடியவில்லை. 2002-இல் 'கன்னத்தில் முத்தமிட்டால்'. அங்கே முழுக்க அழுகை. மாங்குளம் என்ற இலங்கை ஊரின் பெயரை மணிரத்னம் படத்தில் கேட்டதே பெரிய காரியம் என்று அன்றைக்குப் பூரித்துப் போனோம். சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். நடுவில் சந்தைக்குப் போகிற, சீதனத்துக்குச் சண்டை பிடிக்கிற, பக்கத்து வீட்டு முஸ்லிம் மாமியிடம் வட்டிலப்பம் வாங்கித் தின்கிற எங்கள் சனம் எங்கே போனது?

'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் அமுதா என்ற சிறுமியின் சென்னை அம்மாவாகத் தீவுக்குப் போன அதே சிம்ரன், 2025-இல் தீவிலிருந்து படகேறி வரும் அம்மாவாக 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் வந்தார். அறிமுக இயக்குநர் அபிஷன் ஜீவிந்தின் படம். மே முதல் தேதி வெளியீடு. நாங்கள் குடும்பமாகக் குரோம்பேட்டை வெற்றி தியேட்டருக்குப் போனோம். அதற்குச் சில வாரம் முன்னால்தான், ஏப்ரல் 6-ஆம் தேதி, புதிய பாம்பன் பாலத்தைத் திறந்துவைத்து ராமேஸ்வரம்–தாம்பரம் ரயிலையும் விட்டிருந்தார்கள். திரையில் குடும்பம் ராமேஸ்வரம் கரையில் வந்து நிற்கிறது. பின்வரிசையில் ஒரு பையன், "மச்சான், நேரா நம்ம ஊருக்கே ட்ரெய்ன் இருக்குடா" என்றான். நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

அவன் அறிந்து சொன்னானோ இல்லையோ, இந்தத் தண்டவாளத்துக்கும் எங்களுக்கும் பழைய உறவு. எழும்பூரில் புறப்பட்டுத் தாம்பரம் வழியாகத் தனுஷ்கோடி போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் சேரும் போட் மெயில் இதே வழியில்தான் ஓடியது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோயிற்று. அதே ஆண்டு அக்டோபரில்தான் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, மலையகத்துத் தேயிலைத் தொழிலாளர் குடும்பங்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தார்கள். அந்தச் சனத்தின் கதையைச் சொல்லப் பத்துப் படம் வேண்டும். கோடம்பாக்கத்தின் கண்ணில் அது பட்டதாகத் தெரியவில்லை.

'டூரிஸ்ட் ஃபேமிலி' செய்த நல்ல காரியம் ஒன்று உண்டு. அந்தக் குடும்பத்தைத் துரத்துவது குண்டு அல்ல, பொருளாதார நெருக்கடி. 2022-இல் பெட்ரோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்றபோது சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று வரிசை பிரிக்கவில்லை. ஆனால் படத்தின் மனமெல்லாம் சென்னைக் காலனியில் இருக்கிறது. தீவு படகோடு முடிந்துபோகிறது. அது அந்தப் படத்தின் குற்றமில்லை. அது சென்னையைப் பற்றிய படம், நல்ல படமும்கூட.

தீவைப் பற்றிய படம் எது என்று கேட்டால், நான் 'கோமாளிகள்' என்பேன். சென்னையில் இதைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' என்றொரு நகைச்சுவை நாடகம் போனது. 1976-இல் அதுவே படமானது. அதில் நாலு பேர். மரிக்கார் முஸ்லிம்களின் தமிழ் பேசுவார். அப்புக்குட்டி அசல் யாழ்ப்பாணம். உபாலி சிங்களவர், அவர் நாவில் தமிழ் தடுக்கித் தடுக்கி விழும். நாலாமவர் ஐயர், இந்தியப் பிராமணத் தமிழ். இனித்தான் வேடிக்கை. மரிக்காராக நடித்தவர் எஸ். ராமதாஸ். உபாலியாக நடித்தவர் செல்வசேகரன் என்ற தமிழர். அப்புக்குட்டி, ராஜகோபால். ஐயராக நடித்தவர் பி.எச். அப்துல் ஹமீத்! 'பாட்டுக்குப் பாட்டு' நடத்திய அதே ஹமீத் என்று சொன்னால் தாம்பரத்தில் புருவம் உயர்கிறது.

ஒருவர் தமிழை இன்னொருவர் கிண்டலடிப்பார், ஆனால் யாருடைய தமிழும் மட்டமில்லை. இந்துவுக்கு முஸ்லிமின் பேச்சு வாயில் வருகிறது, முஸ்லிமுக்கு ஐயரின் பேச்சு வருகிறது என்றால், அவர்கள் தெருவில் எத்தனை நாள் பக்கத்துப் பக்கத்தில் நின்று கேட்டிருக்க வேண்டும்! அப்பா அந்த நாடகத்து மரிக்கார் போலப் பேசிக் காட்டுவார். கிண்ணியாவிலிருந்து மீன் கொண்டுவரும் முஸ்லிம் நானா அதைக் கேட்டு, "இது எங்கட பேச்சில்ல, கொழும்புப் பேச்சு" என்று திருத்துவார். ஆக, அதிலும் எங்கள் கிழக்கு இல்லை. அது வேறு வழக்கு.

அடுத்த வருஷம் 'பொன்மணி' வந்தது. யாழ்ப்பாணத்துச் சீதனத்தையும் சாதியையும் கூச்சமில்லாமல் காட்டிய அந்தப் படத்தை எடுத்தவர் தர்மசேன பத்திராஜா, சிங்களவர். இப்படி வளர்ந்துகொண்டிருந்த சினிமாவை 1983 ஜூலையின் தமிழர் எதிர்ப்புக் கலவரம் முறித்தது. இயக்குநர் வெங்கட் கொல்லப்பட்டார். ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோ எரிந்தது. மிஞ்சியவர்கள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள்.

எல்லாப் பழியையும் கோடம்பாக்கத்தின்மேல் போடவும் முடியாது. 2014 ஜூனில் சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகேயின் படம், ஒரு முன்னாள் சிங்கள ராணுவத்தானுக்கும் தமிழ்ப் பெண்ணுக்கும் நடக்கும் கதை, சென்னையில் திரையிட வந்தபோது எதிர்ப்பு கிளம்பிக் காட்சிகள் நின்றன. எதிர்த்தவர்களின் காயம் எனக்குத் தெரியும். ஆனாலும் பார்த்துவிட்டுத் திட்டியிருக்கலாம் என்பது என் கட்சி. அந்தப் படத்தில் ராணுவத்தான் தப்பித்துக்கொள்ளவில்லை. தன் குற்றத்தோடு ஒரே வீட்டில் குடியிருக்கிறான்.

இதைத் தாம்பரத்திலிருந்து சொல்வதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. ரயில்வே குவார்ட்டர்ஸில் தெலுங்கு, விமானப்படை வளாகத்தில் இந்தி, கிறித்தவக் கல்லூரி வாசலில் வடகிழக்கு மாநிலப் பிள்ளைகள், பரங்கிமலையில் ஆங்கிலோ இந்தியர்கள். ஆனால் சினிமாவில் சென்னை என்றால் சென்ட்ரல் கடிகாரமும் மெரினாவும்தான். 'தரமணி'யில் ஆண்ட்ரியா ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண்ணாக வந்தது விதிவிலக்கு. தலைநகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இந்த ஊருக்கே அந்தக் கதி என்றால் பாக்கு நீரிணைக்கு அப்பால் இருப்பவர்கள் என்ன கேட்க முடியும்!

அம்மா கேட்கிறார். படம் முடிந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆட்டோ பிடித்ததும் தொடங்கிவிட்டார். சிம்ரன் அரைவாசி யாழ்ப்பாணமும் அரைவாசி மெட்ராஸுமாகக் கதைத்ததாம்; ஆனாலும் பிள்ளைகளை அதட்டுகிற அதட்டு சரியாக இருந்ததாம். "அது சரி தம்பி, எப்ப பார்த்தாலும் யாழ்ப்பாணத்து ஆக்கள்தானா? மட்டக்களப்பு, திருகோணமலையில எல்லாம் படகு ஓடயில்லையா?"