கல்லீரலுக்கு ஒரு தூது

காக்காவின் கல்லீரலில் புற்று என்று கேட்ட அன்று நாம் வாயடைத்து நின்றோம். நரம்பில் ஏற்றிய மருந்து புற்றைத் தொட்டதோ இல்லையோ, முடியை உதிர்த்தது. நாவின் சுவையைப் பறித்தது. "மருந்து நோயிடம் மட்டும் போகாதா, தம்பி?" என்றார். எம்மிடம் விடையில்லை.

அவர் மறைந்தபின் விடை தேடிப் படித்தோம். மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறிட்டால் ஒரு கூறு நானோமீட்டர். ஏறத்தாழ 100 நானோமீட்டர் கொழுப்புறையில் டாக்சோருபிசினைப் பொதிந்த மருந்தை அமெரிக்கா 1995இல் ஏற்றது. அது வேறொரு புற்றுக்கு. கல்லீரலிலோ குப்ஃபர் உயிரணுக்கள் என்னும் காவலர், குருதியில் வரும் துகள்களை விழுங்கிவிடுகின்றனர். தூதன் ஊரை அடைகிறான். பகைவன் வீட்டை அடைவதில்லை! அதே மருந்தை வேறுவகை நுண்துகளில் ஏற்றிக் கல்லீரல் புற்றுக்குச் செய்த பெருஞ்சோதனையும் ஆயுளை நீட்டவில்லை என 2017இல் தெரிந்தது. எனினும் 2018இல், பிறிதொரு பரம்பரை நோய்க்கான மருந்து, கொழுப்புத் துகளேறிக் கல்லீரல் உயிரணுவினுள் நுழைந்து வென்றது. வழி அடைபடவில்லை.

காக்காவின் புற்றுக்கு வித்து ஹெப்பாடிட்டிஸ்-பி கிருமி. அதற்குத் தடுப்பூசி உண்டு. அவர் பேரன் பிறந்த 24 மணி நேரத்துக்குள் அதைப் போடச் செய்தோம். தூது வெல்லும் நாள் வரட்டும். அதுவரை வாயிலைக் காப்பது நம் கடனன்றோ?