பொனற்றுக்குள் ஒரு பல்லி

விடியப்புறத்தில் அப்பா மொறிஸ் மைனரை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, அது சூடாகுமட்டும் வேப்பமரத்தடியில் நின்று தேத்தண்ணி குடிப்பார். பாயில் கிடந்தபடியே எனக்கு எஞ்சினின் டிக், டிக், டிக் கேட்கும். அம்மம்மா பல்லி சொல்லுகிற திசை பார்த்துத்தான் பயணம் வெளிக்கிடுவா. ஆகவே பொனற்றுக்குள்ளும் ஒரு பல்லி குடியிருக்கிறது, அதன் புண்ணியத்தில்தான் கப்பல்துறையிலிருந்து ரவுணுக்கு அப்பாவுக்கு ஹயர் கிடைக்கிறது என்று நான் முடிவுகட்டியிருந்தேன்.

ஒரு மாரிக்குப் பல்லி பெருகிவிட்டது. வீதியில் கார் வர முன்னமே சத்தம் வந்தது. கார் திருத்துகிற பாஸ் சைக்கிளில் வந்து இறங்கினார், மண்ணெண்ணெயும் வெற்றிலையும் கலந்த வாசத்தோடு. எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே மேல்மூடியைக் கழற்றினார். ரொக்கர்களில் எண்ணெய் கசிந்து வழிய வேண்டிய இடம் காய்ந்து கிடந்தது.

“மேலுக்கு ஒயில் ஏறேல்ல அண்ணே. கீழ அழுத்தம் இருக்கு, அதுதான் ஒயில் லைற் எரியேல்ல.”

அப்பா சீனக்குடாப் பக்கம் கையைக் காட்டினார். “அங்க காட்டுக்குள்ள 99 எண்ணெய்த் தாங்கி நிக்குது. இவன்ர தலைக்கு ஒரு சொட்டு இல்லையாம்.” 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான்காரன் தாக்கியபோது அங்கே ஒரு தாங்கி எரிந்த கதையை அம்மம்மா அவ்விடத்திலேயே தொடங்கப் பார்த்தா; ஒருவரும் காது கொடுக்கவில்லை.

ரொக்கரைப் பிடிக்கிற நட்டுகளில் நாலு, எஞ்சின் தலையையும் சேர்த்துப் பிடிப்பவை. ஆகையால் ரேடியேற்றர் தண்ணியை முதலில் வடித்து, எல்லா நட்டையும் முறை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கவேண்டும், அவசரப்பட்டால் தலை கோணிவிடும். நட்டுகளை ஒழுங்கு மாறாமல் சாக்கில் அடுக்கும் உத்தியோகம் எனக்கு. அந்தப் பெருமையில் மூக்குச் சளியைக்கூடத் துடைக்காமல் குந்தியிருந்தேன்.

ரொக்கர் தடி உள்ளே கோறையானது. நுனித் திருகைக் கழற்றியதும் பழைய எண்ணெய் தொதல் மாதிரிக் கறுத்து இறுகி வந்தது. பல்லியின் எச்சம்! பாஸ் சைக்கிள் கம்பியால் ஒவ்வொரு துளையாகக் குத்தினார். தலையிலிருந்து தடிக்கு எண்ணெய் ஏறுகிற காலின் துளையையும் விடவில்லை. பிறகு பால்மா ரின்னில் மண்ணெண்ணெய் ஊற்றித் தடியை ஊறவைத்தார். அவர் வெற்றிலை துப்பப் போன நேரம் நான் தடியை எடுத்து வாய் வைத்து ஊதினேன். எதிரே நின்ற அப்பாவின் வெள்ளைச் சேட்டு அதற்குப் பிறகு வெள்ளையாக இருந்ததில்லை.

பின்னேரம் பூட்டி ஓடவிட, ஒவ்வொரு ரொக்கரிலும் பொன்னிறமாகப் புது எண்ணெய் துளிர்த்து வழிந்தது. பாஸ் எஞ்சினை நிறுத்தி, தகடு விட்டு வால்வ் இடைவெளி பார்த்தார்: 12 தௌ, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு. நான் அவர் காதோடு போய், பல்லி செத்துப்போச்சுதா என்று கேட்டேன். சிரிப்பாரென்று பயந்தேன். அவர் திரும்ப ஸ்டார்ட் பண்ணி, ஸ்பானரின் ஒரு முனையை எஞ்சினில் ஊன்றி மறுமுனையை என் காதில் வைத்தார்.

“மெல்லமாச் சொல்லுது, கேக்குதா? அது வேணும் தம்பி. முழுக்க வாயை மூடினா வால்வ் எரிஞ்சுபோயிடும்.”